மூலநிரலும் மூலபாடமும்

மென்பொருளைத் தயார்நிலையிற் பெற்று நிறுவுவதே இன்று பெருவழக்கு. ஆயினும் யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ் முதலிய இயங்குதளங்களில், ஆக்கியோன் எழுதிய மூலநிரலையே பெற்று, நமது கணினியிலேயே தொகுத்து நிறுவும் வழக்கம் அற்றுப்போகவில்லை. மொழியியல் ஆய்வொன்றுக்குச் சொல்லடைவு தயாரிக்கும் மென்பொருள் தேவைப்பட்டபோது, கலைப்பீட மாணவனாகிய நானும் இவ்வழியில் இறங்கினேன்.

செயன்முறை மூன்று கட்டளைகளுள் அடங்கும். 'கொன்பிகர்' கணினியில் வேண்டியவை உளவா என ஆராயும்; 'மேக்' மூலநிரலை இயந்திரமொழிக்கு மாற்றும்; 'மேக் இன்ஸ்டால்' உரிய இடத்திற் சேர்க்கும். இவற்றுள் 'மேக்' 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் பெல்ட்மன் ஆக்கியது. கோப்புகளின் நேரக்குறிப்பை ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் மீளத் தொகுக்கும் அதன் சிக்கனம் வியப்புக்குரியது. நிர்வாகியின் அனுமதியில்லாத கணினியிலும் சொந்தக் கோப்புறையை இலக்காகக் காட்டி நிறுவலாம் என்பது மாணவர்க்கு வாய்த்த நல்லூழ்.

மூலம் கையிலிருப்பதால் ஐயத்துக்கு இடமில்லை எனலாமா? 2024 மார்ச்சில் வெளிப்பட்ட செய்தி அவ்வாறு எண்ணவிடவில்லை. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளிற் கள்ளவாயில் ஒன்று புகுத்தப்பட்டிருந்தது. நச்சுநிரல் சோதனைக் கோப்புகள் என்ற போர்வையிற் பொதுக் களஞ்சியத்திலேயே கிடந்தது. அதனை எழுப்பி இணைக்கும் சில வரிகளோ வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தன. தொலைவிலிருந்து புகுபதிகை செய்வது ஏறத்தாழ அரை வினாடி தாமதிப்பதைக் கண்டு துருவிய அன்ட்ரெஸ் புரொய்ண்ட் என்னும் பொறியியலாளராலேயே உண்மை புலனாயிற்று.

தமிழ் பயில்வோர்க்கு இது புதிதன்று. ஏட்டில் இல்லாத வரி அச்சுப்பதிப்பில் ஏறியிருப்பின், அதனை ஒப்புநோக்கியே அறிகிறோம். பாடபேதம் காணும் அப்பயிற்சியை இங்கும் கைக்கொண்டேன். பொதியையும் களஞ்சியத்தையும் வரிக்குவரி ஒப்பிடுமாறு கணினியைப் பணித்தபோது, பொதியில் மிகையாயிருந்தவை பல. பெரும்பாலானவை கருவிகள் தாமே எழுதியவை; 'கொன்பிகர்' மட்டுமே பல்லாயிரம் வரி. அதனை எவர் வாசிப்பார்? நான் வாசிக்கவில்லை. பொதியை விடுத்து, களஞ்சியத்து மூலத்திலிருந்து 'கொன்பிகரை' எனது கணினியிலேயே ஆக்குவித்து நிறுவினேன். மறுநாள் மாலை சொல்லடைவு ஆயத்தமாயிற்று.

யூனிக்ஸை ஆக்கியோருள் ஒருவரான கென் தொம்சன், 1984இல் வெளியான தமது டியூரிங் விருதுரையில், மூலநிரல் மாசற்றதாயினும் தொகுப்பியே வஞ்சிக்கக்கூடும் எனக் காட்டினார். அத்தொகுப்பியை மட்டும் பிறர் தந்தவாறே ஏற்றுக்கொண்டேன்.