மூன்றாம் தரம்

பத்து மணிக்கு ஏலம் என்று சொல்லியிருந்தார்கள். பத்தரை ஆகியும் தொடங்கவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தார்கள். மீதிப் பேர் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

எர்ணாவூர் மேம்பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் நீளமான தகர ஷெட். லாரி வைத்துப் பிழைத்த பெரியவர் ஒருவர் ஆசைப்பட்டுச் சேர்த்த வண்டிகள் உள்ளே நிற்கின்றன. அவருக்கு வருஷத் திதி முடிந்தது. இடத்தைக் கன்டெய்னர் யார்டுக்குக் கேட்டு ஆள் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு இடம்தான் கணக்கு. வண்டிகள் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் சாமான்.

அம்பாசிடர் மார்க் 2 ஒன்று, பிரீமியர் பத்மினி ஒன்று, ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று, ஒரு புல்லட், கடைசியில் சுவரோரம் ஓர் ஆஸ்டின் ஏ40. சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு ஓடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து இந்தப் பக்கத்து வீடுகளுக்குள்ளேயே புகுந்ததே, அந்தக் கோடு. வண்டிகளின் கதவுகளிலும் அதே உயரத்தில் இருக்கிறது. புதுப்பேட்டையிலிருந்து வந்த புரோக்கர் ஒருவர் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நல்லதுதாண்ணே, எண்ண போட்ட வண்டி துரு புடிக்காது" என்றார். சிரித்தார்கள். கோட்டுக்கு மேலே எல்லாம் உப்புக்காற்று தின்று வைத்திருந்தது.

ஏலம் விடுபவர் பெரியவரின் மைத்துனர். கூட்டுறவு வங்கியில் நகை ஏலம் விட்டுப் பழகி ஓய்வு பெற்றவர். பழக்கம் போகவில்லை, ஒவ்வொரு வண்டியையும் "இந்த உருப்படி" என்றார். முன்பணம் ஐந்தாயிரம் கட்டினால்தான் கேட்கலாம் என்று கறாராகச் சொன்னார். நாலைந்து பேர் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள்.

முதலில் புல்லட். இதற்கு அறிமுகமே வேண்டியிருக்கவில்லை. 1955இல் தொடங்கிய திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலை இங்கிருந்து கூப்பிடு தூரம்; கூட்டத்தில் இருப்பவர்களின் மாமனோ சித்தப்பனோ யாராவது ஒருவர் அங்கே வேலை பார்த்திருப்பார். பழைய இரும்பு இன்ஜின், ஆர்.சி. புக் சுத்தம். எழுபதாயிரத்தில் தொடங்கி மூச்சு விடுவதற்குள் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குப் போய் நின்றது. வாங்கிய பையனுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். கிக்கரை மிதித்துக்கூடப் பார்க்கவில்லை.

அம்பாசிடரைக் கேட்டவர் சினிமாவுக்கு வண்டி வாடகைக்கு விடுபவர். அவர் பார்த்த விதம் தனி. இடது பக்கத்தை மட்டும் பார்த்தார். வலது பக்கக் கதவு நசுங்கியிருந்ததை ஒருவர் சுட்டிக்காட்டியபோது, "கேமரா இந்தப் பக்கம் வச்சிக்கலாம் சார்" என்று முடித்துவிட்டார். உத்தரபாராவில் 2014இல் அம்பாசிடர் உற்பத்தி நின்ற பிறகு இவர் தொழிலுக்கு நல்ல காலம் என்று தோன்றுகிறது. அறுபதுகளில் நடக்கும் கதை என்றால் தெருவில் இரண்டு அம்பாசிடர் நின்றாக வேண்டும். ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரத்துக்கு எடுத்தார். பத்மினி நாற்பத்தைந்தாயிரம், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஹெரால்டுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பானட்டைத் தூக்கினால் மட்கார்டும் விளக்கும் சேர்ந்து முன்பாதி முழுவதும் எழுந்து நிற்கும் வண்டி. அப்படி எழுப்பியபோது உள்ளே இன்ஜின் இருந்தது, கார்ப்பரேட்டர் இல்லை. பெருங்களத்தூரில் 1961 முதல் செய்தார்கள். சென்னையே செய்த கார் என்று சொல்ல இதைவிட வேறு உரிமை எதற்கு இருக்கிறது? ஆனாலும் கேட்க ஆளில்லை. பார்ட்ஸுக்காக ஒருவர் முப்பதுக்கு எடுத்தார். தன்னிடம் இன்னொன்று ஓடுகிறது என்றார்.

இதற்கு நடுவே ஒரு விஷயம் கவனத்தில் பட்டது. வண்டியைச் சுற்றி வந்தவர்கள் முதலில் கேட்டது இன்ஜினை இல்லை, மைலேஜை இல்லை. "பேப்பர் இருக்கா?" அவ்வளவுதான். பதில் வந்த பிறகுதான் அடியில் படுத்தார்கள். உலகத்திலேயே பெரிய விலைக்குப் போன காரும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போயிருக்கிறது. 2022 மே 5 அன்று ஷ்டுட்கார்ட்டில் மெர்சிடஸ் அருங்காட்சியகத்துக்குள் வைத்து விற்ற 1955ஆம் ஆண்டு 300 எஸ்.எல்.ஆர். கூபே, பதிமூன்றரைக் கோடி யூரோ. நம் கணக்கில் ஆயிரம் கோடிக்கு மேல். செய்ததே இரண்டு. அதைவிட முக்கியம், செய்த கம்பெனியின் கையைவிட்டு அது ஒருநாளும் போனதில்லை. யாரிடமிருந்து யாருக்கு என்ற சந்தேகத்துக்கே அங்கே இடமில்லை. இரும்பும் அலுமினியமும் அந்த விலை பெறாது.

ஆஸ்டின் முறை வந்தது.

பானட்டின் நுனியில் பறக்கும் 'ஏ' பொம்மை இருந்த இடத்தில் இரண்டு துளைகள். கதவுத் தூணுக்குள்ளிருந்து நீளும் கைகாட்டி ஒரு பக்கம் வெளியே வந்து, உள்ளே போக மறுத்து, அப்படியே நிற்கிறது. 1200 சிசி, நாற்பது குதிரைத்திறன். இந்த ஷெட்டில் நின்ற கார்களில் இது ஒன்றுதான் ஊருக்கே திரும்பி வந்த பிள்ளை. ரகுநந்தன் சரண் 1948 செப்டம்பரில் மகன் அசோக்கின் பெயரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்த பாகங்களை எண்ணூரில் வைத்துப் பூட்டியது; முதல் ஏ40 வெளியே வந்தது 1949இல். 1950இல் லேலண்டோடு ஒப்பந்தம், 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர். பிறகு லாரியும் பஸ்ஸும்தான். கம்பெனியில் கார் செய்தார்கள் என்றால் இங்கே பலர் நம்புவதில்லை. அந்த நேரம் பார்த்து வெளியே நெடுஞ்சாலையில் புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர் ஒன்று காமராஜர் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பேப்பர்?"

"தேடிப் பாத்தாச்சு. இல்லை" என்றான் மூத்த மகன்.

ஈசிஆர் பக்கம் பங்களா வைத்திருக்கும் சேகரிப்பாளர் ஒருவருக்காக வந்திருந்த ஆள் அதோடு நோட்டை மூடிவிட்டார். "பேப்பர் இல்லாம கார் இல்ல தம்பி. இரும்புதான்." அவர் சொன்னதில் தப்பில்லை. 2021இல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய, உரு மாறாத வண்டிக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கும். புதிதாகப் பதிய இருபதாயிரம், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஏற்கெனவே எண் இருந்தால் அந்தப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பணக்காரர்களுக்கு அந்த எண்ணில்தான் கண். சினிமாக்காரருக்கு அந்தப் பதிவே வேண்டாம். வியாபாரத்துக்கு ஓட்டக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது.

மிச்சம் இருந்தது காயலாங்கடை அண்ணாச்சி. அதுவரை வாயே திறக்காமல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, கிலோ முப்பது என்று உதடு கணக்குப் போட்டது. "இருபத்தெட்டு." புதுப்பேட்டைக்காரர் முப்பது என்றார். அண்ணாச்சி முப்பத்திரண்டு என்றார். புதுப்பேட்டைக்காரர் கிரேன் வாடகையை நினைத்திருக்க வேண்டும்; வாயை மூடிக்கொண்டார்.

"முப்பத்திரண்டாயிரம் ஒரு தரம்… முப்பத்திரண்டாயிரம் ரெண்டு தரம்…" மைத்துனர் இழுத்தார். எவரும் அசையவில்லை. "மூணு தரம்." நோட்டில் எழுதிக்கொண்டார்.

மை காய்ந்திருக்காது. வீட்டுக்குள்ளிருந்து பெரியவரின் மனைவி ஒரு பழைய ரெக்சின் பையோடு வந்தார். "பீரோவுல பத்திரக் கட்டோட கெடந்துச்சுப்பா. அவரு கட்டி வச்சது. இது எந்த வண்டியோடது பாரு." மகன் பிரித்தான். பழுப்பேறிய சிறு புத்தகம், எம்.எஸ். என்று தொடங்கும் எண், வரி கட்டிய முத்திரைகள். பெயர் மாற்றம் ராயபுரத்து ஆள் ஒருவரோடு நின்றுபோயிருந்தது. பெரியவர் தன் பெயருக்கு மாற்றவே இல்லை.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடிப்பதுபோல எல்லாருடைய குரலும் ஒரே கணத்தில் தாழ்ந்தது. சேகரிப்பாளரின் ஆள் மகனைத் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போனார். "ராயபுரத்துக்காரங்க வாரிசுகிட்ட கையெழுத்து வாங்கிடலாம் தம்பி, அது என் பொறுப்பு. ஒண்ணே கால் தரச் சொல்றேன்." போனை எடுத்துவிட்டார்.

அண்ணாச்சிக்குக் காது கூர்மை. "தம்பி, அவன்கிட்ட என்ன பேச்சு? மூணு தரம் சொல்லியாச்சு. வண்டி என்னுது. வெல எங்கிட்ட கேக்கச் சொல்லு."

"பணம் கட்டாம வண்டி எப்படி அண்ணாச்சி உங்களுது?" என்றார் புதுப்பேட்டைக்காரர், தனக்குச் சம்பந்தமில்லாத விஷயத்தில் மிகுந்த ஆர்வத்தோடு.

"முன்பணம் அஞ்சு கட்டலியா?"

"அது கேக்கறதுக்குக் கட்டினது."

மைத்துனரைப் பார்த்தார்கள். வங்கியில் நகை ஏலத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை போலும். நோட்டில் தான் எழுதிய வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். "உருப்படி விடும்போது பேப்பர் இல்லைன்னுதானே சொன்னோம்…" என்று ஆரம்பித்தார்.

"அதத்தான் நானும் சொல்லுதேன். பேப்பர் இல்லாத வண்டிய எடுத்தேன். இப்ப பேப்பர் வந்திருக்கு. எனக்கு அதிர்ஷ்டம், உங்களுக்கு என்ன?" அண்ணாச்சி சட்டையைத் தூக்கி, இடுப்பு பெல்ட்டின் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்க் கட்டை எடுத்தார். எச்சில் தொட்டு, ஆஸ்டினின் பானட் மேல் ஒவ்வொரு நோட்டாக வைத்து எண்ணத் தொடங்கினார். மகன் ஓடி வந்து நோட்டுகளின் மேல் கையை வைத்தான்.

"இருங்க அண்ணாச்சி, இருங்க. அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

"கேளு. நான் எண்ணிக்கிட்டே இருக்கேன்."