தப்பான ஆளுக்குப் போன் செய்த கதை



முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. போனில் விசாரித்த எல்லோருக்கும் நன்றி. இப்போது கம்பு இல்லாமல் பால்கனி வரை நடக்கிறேன். பெங்களூரில் மகன் வீட்டில்தான் இருக்கிறேன். நாகர்கோவிலுக்கு வர இன்னும் ஒரு மாதம் ஆகும்.

இது நீளமான பதிவு. பிடிக்காவிட்டால் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பாதியை மட்டும் படித்துவிட்டு கமெண்ட் போட வேண்டாம். கேள்வித்தாளை முழுக்கப் படித்துவிட்டு எழுத ஆரம்பி என்று 34 வருஷம் சொல்லிக் கொண்டிருந்தவன் நான்.

ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பு, உங்களில் ஒரு பேட்சின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. ஏதோ ஒரு டி.வி. காமெடி நிகழ்ச்சி. சேலை கட்டிய ஓர் ஆண், கையை வளைத்து, குரலை இழுத்து, விருந்தினராக வந்த நடிகரின் தோளில் சாய்கிறார். நடிகர் கம்பளிப்பூச்சி விழுந்ததுபோலத் துள்ளி ஓடுகிறார். நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அதன் கீழே ஒருவர், "நம்ம க்ளாஸ் ஆள் ஞாபகம் வருதா?" என்று எழுதி, ஒரு நடிகையின் பெயரைப் போட்டிருந்தார். பள்ளியில் ஒரு பையனுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் அது. கீழே இருபதுக்கு மேல் சிரிப்புப் பொம்மைகள். அதில் ஒன்று என்னுடையது.

மறுநாள் காலை பார்த்தபோது அந்த மாணவர் குரூப்பை விட்டு வெளியேறியிருந்தார். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கும் கீழே குட் மார்னிங் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

அந்தப் பையனுக்குச் சன்னமான குரல். நடையில் ஒரு நளினம். ஆண்டு விழா நாடகத்தில் வருஷா வருஷம் கதாநாயகி வேஷம் அவனுக்குத்தான். ஒருமுறை அரையாண்டுத் தேர்வுத் தாள் கொடுக்கும்போது நானும் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிட்டேன். வகுப்பே அதிர்ந்தது. கணக்கு வகுப்பைக் கலகலப்பாக நடத்துகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு, அதைக் காப்பாற்றிக்கொண்ட சந்தோஷம் எனக்கு. அவனும் சிரித்துக்கொண்டே வந்து தாளை வாங்கிப் போனான். 92 மார்க்.

இதையெல்லாம் நான் அப்போது யோசிக்கவில்லை. ஆபரேஷன் வந்தது, கால் நீட்டிப் படுத்தேன். கல்லூரியில் படிக்கும் பேத்தி, "தாத்தா, சீரியல் வேண்டாம், நான் ஒண்ணு போடறேன்" என்று ஓர் அமெரிக்கத் தொடரைப் போட்டுவிட்டாள். 'புரூக்ளின் நைன் நைன்'. 2013 முதல் 2021 வரை வந்தது. நியூயார்க்கில் ஒரு போலீஸ் ஸ்டேஷன், அங்கே நடக்கும் கூத்து. ஆங்கிலம் வேகமாகப் போகும், ஆனால் கீழே எழுத்து வருகிறது.

அதில் ஹோல்ட் என்று ஒரு கேப்டன் வருகிறார். ஆண்ட்ரே பிராகர் என்பவர் நடித்தது. 2023 டிசம்பரில் காலமாகிவிட்டார். முகத்தில் சிரிப்பே கிடையாது. இலக்கணப் பிழை பொறுக்கமாட்டார். நேரம் தவறமாட்டார். எனக்கு உடனே நம்முடைய பழைய தலைமையாசிரியர் ஒருவர் ஞாபகம் வந்தார், நீங்களும் யார் என்று கண்டுபிடித்திருப்பீர்கள். முதல் எபிசோடிலேயே இந்த கேப்டன், தான் தன்பாலீர்ப்பாளர் என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார். கதாநாயகன் ஒரு துப்பறிவாளன், கொலைகாரனையே கண்டுபிடிக்கிறவன். அவன் வாயைப் பிளக்கிறான். இவரோ, நான் எதையும் மறைக்கவில்லையே, உனக்குத் தெரியாததுதான் ஆச்சரியம் என்கிறார். அவன் கண் முன்னால் இருந்த ஒவ்வொரு தடயத்தையும் நமக்குத் திருப்பிக் காட்டுகிறார்கள். அவன் தேடிய அடையாளம் வேறு, அதனால் இருந்தது தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்கிறார். 1987-இல் அவரை யாருக்கும் பிடிக்கவில்லை. பழைய ஆட்கள் போன பிறகு, பாருங்கள் எங்களிடம் இப்படி ஒரு அதிகாரி இருக்கிறார் என்று காட்டுவதற்காக மக்கள் தொடர்புப் பிரிவில் உட்காரவைத்துவிட்டார்கள். அவர் கேட்டது ஒரு ஸ்டேஷன் பொறுப்பு. கொலு பொம்மையாக இருக்க அல்ல.

ஒரு கணக்கு வாத்தியாரை அந்தத் தொடர் முழுசாக விலைக்கு வாங்கிய இடம் வேறு. கேப்டனுக்கும் அவருடைய கணவர் கெவினுக்கும் சண்டை. காரணம் ஒரு நிகழ்தகவுக் கணக்கு! மூன்று கதவுகள். ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடு. நீங்கள் ஒரு கதவைச் சொல்கிறீர்கள். கார் எங்கே என்று தெரிந்த நடத்துநர், மீதி இரண்டில் ஆடு உள்ள ஒன்றைத் திறந்து காட்டி, கதவை மாற்றுகிறீர்களா என்கிறார். மாற்றினால் ஜெயிக்கும் வாய்ப்பு 2/3 என்கிறார் கெவின். இரண்டு கதவுதானே பாக்கி, பாதிக்குப் பாதி என்கிறார் கேப்டன். கெவின் சொல்வதுதான் சரி. முதலில் நீங்கள் தொட்ட கதவுக்கு வாய்ப்பு 1/3 தான், ஒரு கதவைத் திறந்து காட்டியதால் அது கூடிவிடாது. 1990-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் இந்த விடை வந்தபோது டாக்டர் பட்டம் பெற்றவர்களே தப்பு என்று கடிதம் எழுதினார்கள், கேப்டன் எம்மாத்திரம். சண்டை உண்மையில் கணக்கைப் பற்றியது இல்லை, ஒருவருக்கு இரவு டியூட்டி, ஒருவரையொருவர் பார்த்தே நாளாகிவிட்டது, அதுதான் எரிச்சல் என்று சக போலீஸ்காரப் பெண் போட்டு உடைக்கிறாள். கால் வலியை மறந்து சிரித்தேன். உங்கள் டீச்சரம்மா இருந்த காலத்தில் எங்களுக்குள் மின்சார பில் பற்றி நடந்த சண்டைகள் எல்லாம் இந்த வகைதான்.

பேத்தியிடம் பெருமையாகச் சொன்னேன்: "பாரு, எவ்வளவு கௌரவமா காட்டியிருக்கான். ஆம்பளை மாதிரியே இருக்கார்." அவள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்: "நளினமா இருந்தா கௌரவம் இல்லையா தாத்தா?"

பதில் வரவில்லை. 92 மார்க் வாங்கிய பையன்தான் கண் முன்னால் வந்து நின்றான்.

நாம் டி.வி.யில் என்ன பார்த்தோம் என்று அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். தூர்தர்ஷன் காலத்தில் இப்படி ஓர் ஆள் உலகத்தில் இருப்பதாகவே யாரும் சொல்லவில்லை. 1993-க்குப் பிறகு தனியார் சானல்கள் வந்தன, சினிமா வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்க ஓடியது. அப்போது வந்தவர்கள் இரண்டே வகை. ஒன்று, இடுப்பை ஆட்டி வந்து கதாநாயகனை உரசி அடி வாங்கும் கோமாளி. இன்னொன்று, கொலைகாரன். 'வேட்டையாடு விளையாடு' 2006-இல் வந்த படம், பண்டிகை நாளில் நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கொடூரமான அந்த இரண்டு கொலைகாரர்களைப் பார்த்து, போலீஸ் அதிகாரியான கதாநாயகன் அந்த ஆங்கிலச் சொல்லைச் சொல்லி ஏளனமாகக் கேட்பார். செய்த கொலைகளோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு குற்றம்போல இருக்கும் அது. கமல் ரசிகனாகத்தான் இதை எழுதுகிறேன், மச்சான் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இதில் இன்னொரு குழப்படியும் செய்தார்கள். திருநங்கை வேறு, ஓர் ஆணை நேசிக்கும் ஆண் வேறு, யாரை நேசிக்கிறான் என்பதற்குச் சம்பந்தமே இல்லாமல் மென்மையாக நடக்கிற பையன் வேறு. மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டி ஒரே கோமாளியாகப் பரிமாறினார்கள். 2015-இல் 'ஐ' படத்தில் ஒரு திருநங்கை ஒப்பனைக் கலைஞரைக் காட்டிய விதத்துக்குத் திருநங்கைகள் சென்னையில் போராடியபோது, சினிமாவைச் சினிமாவாகப் பார்க்கத் தெரியாதா என்று ஸ்டாஃப் ரூம் நண்பர்களிடம் பேசியவன்தான் நான். அதற்கு ஏழு வருஷம் முன்பே ரோஸ் என்ற திருநங்கை விஜய் டி.வி.யில் 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சியை எவ்வளவு தெளிவாக நடத்தினார், அதையும் பார்த்தவன். கண் பார்த்தது, புத்தியில் ஏறவில்லை. அப்படியும் விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2010-இல் வெங்கட் பிரபுவின் 'கோவா'வில் சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் காதலர்களாக வந்தார்கள். கிண்டல் உண்டு, வெறுப்பு இல்லை.

மறுநாள் அந்த மாணவருக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். பட்டப்பெயருக்கும் அந்தச் சிரிப்புப் பொம்மைக்கும் சேர்த்து. "அய்யோ சார், நீங்க போயி" என்று அவர் பதறினார். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். பெரிய மனசோடு ஒரு வாக்கியம் சேர்த்தேன்: "நீ எப்படி இருந்தாலும் எனக்கு மாணவன்தான். அதில் ஒன்றும் தப்பில்லை."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சார், நான் அப்படி இல்ல சார்" என்றார்.

கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள். வீட்டம்மாவும் லைனில் வந்து கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். குரூப்பை விட்டு ஏன் வெளியேறினார் என்றால், பெரியவள் அப்பாவின் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த நடிகை பெயர் யாருக்கு என்று கேட்டிருக்கிறாள். "அவகிட்ட சொல்ல முடியல சார். அதான் வெளிய வந்துட்டேன்." ஆண்டு விழா நாடகம் பற்றி ஒன்று சொன்னார். அவருக்கு நடிப்பு உயிராம். நாடகக்குழு ஒன்றில் சேர ஆசை இருந்ததாம். பிளஸ் டூவுக்குப் பிறகு ஒருநாளும் மேடை ஏறவில்லையாம். பரவாயில்லை சார் என்றுதான் பேச்சை முடித்தார். அந்தப் பரவாயில்லையை நான் நம்பவில்லை.

அவரிடம் கேட்டுக்கொண்டு குரூப்பில் ஒரு மன்னிப்பு எழுதிப் போட்டேன். நான் போட்ட பதிவை யாரோ படம் பிடித்து மற்ற பேட்ச் குரூப்புகளுக்கும் அனுப்பிவிட்டார்கள். நாலாம் நாள் ராத்திரி இன்னொரு பழைய மாணவரிடமிருந்து போன். எந்த ஆண்டு, என்ன வேலை என்று சொல்லமாட்டேன். கணக்கில் சுமார், சண்டை என்றால் முதல் ஆள், குரல் மணியடித்ததுபோல இருக்கும். எடுத்த எடுப்பில், "சார், நீங்க தப்பான ஆளுக்குப் போன் பண்ணிட்டீங்க" என்றார்.

எனக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது.

"எங்க க்ளாஸ்லயும் அப்படி ஒரு பையன் இருந்தான் சார். அவனை அதிகமா ஓட்டினது நான்தான். எல்லாரும் அவனையே பார்த்துட்டு இருந்தா என்னை யாரும் பார்க்கமாட்டாங்கல்ல. வீட்ல டி.வி.யில அந்த மாதிரி காமெடி வந்தா அப்பா சிரிப்பார், மாமா சிரிப்பார். எல்லாரையும் விட சத்தமா நான் சிரிப்பேன்."

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்குச் சொல்ல ஜாதகத்தில் தோஷம் என்று ஒரு காரணம். அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று பல வருஷமாக நினைத்தாராம். "எதைக் காட்டிச் சொல்றது சார்? அம்மாவுக்குத் தெரிஞ்ச உலகம் டி.வி. அதுல இவரை மாதிரின்னு கை காட்ட ஒரு ஆள் இல்ல. இருக்கிறது கோமாளியும் கொலைகாரனும்தான்."

போன வருஷம் மம்மூட்டியும் ஜோதிகாவும் நடித்த 'காதல் - தி கோர்' படத்தை வீட்டு டி.வி.யில் போட்டிருக்கிறார். ஜியோ பேபி இயக்கி 2023 நவம்பரில் வந்த மலையாளப் படம். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாத்யூ, உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கிறார். அதே நேரம் மனைவி ஓமனா விவாகரத்துக் கேட்டு வழக்குப் போடுகிறாள். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் தங்கன் என்பவரோடு கணவருக்கு உள்ள உறவை மனுவில் சொல்கிறாள். கையை வளைப்பவர்கள் யாரும் இல்லை, பின்னணியில் கேலி இசை இல்லை. ஒரே வீட்டில் 20 வருஷம் வாழ்ந்த இரண்டு பேரும் மூச்சு விட முடியாமல் இருந்ததைத்தான் காட்டுகிறார்கள். கேரள அரசின் சிறந்த பட விருது கிடைத்தது. நம் பக்கத்து ஜனங்களுக்கு மலையாளம் புரியும், அந்த அம்மாவுக்கு மம்மூட்டி என்றால் கொள்ளைப் பிரியம் வேறு. கடைசி வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

முடிந்ததும், "அந்தப் பொண்ணு பாவம். எத்தனை வருஷம்" என்றாராம்.

"அதுக்குத்தாம்மா நான் கல்யாணம் வேண்டாம்னு சொல்றேன்" என்றாராம் இவர்.

அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து போய் தோசைக்கு அரிசி ஊறப்போட்டிருக்கிறார். அதற்குப் பிறகும் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்துத் தரகர் ஒரு ஜாதகத்தோடு வந்தபோது, "இப்ப பார்க்கலை, இனிமே கொண்டு வர வேண்டாம்" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அந்த மணிக்குரல் உடைந்தது. நானும் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

"இந்த வயசுக்கு மேல இதையெல்லாம் நான் கத்துக்கிறேன் பார்" என்று சொன்னேன். அதற்கு அவர்தான் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பற்றிச் சொன்னார். இரண்டு பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்ட வழக்கு. 2021 ஜூன் 7-இல் உத்தரவு. எனக்கே இந்த விஷயத்தில் முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஒரு உளவியல் நிபுணரிடம் பாடம் கேட்ட பிறகுதான் அந்த நீதிபதி உத்தரவு எழுதினாராம். நீதிபதியே வகுப்புக்குப் போயிருக்கிறார், நீங்க வாத்தியார்தானே சார் என்று சிரித்தார்.

இரண்டு பேரிடமும் படித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகே இதைப் போடுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதல் மாணவர் ஒரு நிபந்தனை வைத்தார்: பொங்கலுக்குப் பள்ளியில் நடக்கும் பழைய மாணவர் கூட்டத்தில் நாடகம் போடுவதாக இருந்தால் தனக்கு ஒரு வேஷம் வேண்டும். ராஜா வேஷமோ ராணி வேஷமோ, நல்ல வசனம் இருக்க வேண்டுமாம். குழு அமைப்பவர்கள் குறித்துக்கொள்ளவும்.

இரண்டாமவர் யார் என்று யாரும் தேட வேண்டாம். என் சர்வீஸில் முப்பதுக்கு மேல் பேட்ச், எல்லாவற்றிலும் சத்தமாகச் சிரித்தவர்கள் பத்துப் பேராவது உண்டு. கமெண்டில் "சார், அவனா?" என்று கேட்பவர்களை பிளாக் செய்வது எப்படி என்று பேத்தி நேற்றுதான் சொல்லிக் கொடுத்தாள்.