இடுப்பில் உறுத்தாத உறை

தலைப்பைப் பார்த்துவிட்டு தலையணை உறை பற்றி எழுதியிருக்கிறான் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது துப்பாக்கி உறை. ஆங்கிலப் படத்தில் ஹீரோ கோட்டை விலக்கினால் தெரியுமே, அந்த ஹோல்ஸ்டர். பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். ஜி.எஸ்.டி. பற்றி எழுதினால் மட்டும் படிக்கவா போகிறீர்கள்? :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் அத்தை குடும்பம் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் பக்கம் இருக்கிறது. மாமா ஒரு பெட்ரோல் பங்கும் அதை ஒட்டி ஒரு சின்னக் கடையும் நடத்துகிறார். இரவு பதினொரு மணி வரை கல்லாவில் அவர்தான். 2019-ல் ஒருவன் துப்பாக்கியோடு உள்ளே வந்து கல்லாவைக் காலி செய்துகொண்டு போனான். நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. அதற்கப்புறம்தான் மாமா வகுப்புக்குப் போய், சுட்டுக் காட்டி, லைசென்ஸ் எடுத்து ஒரு கைத்துப்பாக்கியும் வாங்கினார். 2024 கோடை விடுமுறையில் ஆறு வாரம் அவர்கள் வீட்டில் இருந்தேன். அந்த ஆறு வாரமும் என்னை யோசிக்க வைத்தது துப்பாக்கி அல்ல, அதன் உறை.

சட்டம் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச்செல்ல லைசென்ஸ் கொடுக்கும் சட்டத்தை டெக்சாஸ் 1995-ல் கொண்டுவந்தது. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டத் தடை எதுவும் இல்லாதவர்களுக்கு அந்த லைசென்ஸும் தேவையில்லை. மாமா இன்னும் விடாமல் வைத்திருக்கிறார். வேறு சில மாநிலங்களுக்குப் போகும்போது உதவுமாம். என்னைப் போல சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்கு ஒருசில விலக்குகள் தவிர துப்பாக்கி வைத்திருக்கவே மத்திய சட்டத்தில் அனுமதி இல்லை. அதனால் மாமா அதை என்னிடம் தொடக்கூடக் கொடுத்ததில்லை. அதை எழுதும்போதே கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது.

அந்த வீட்டில் அத்தை போட்ட சட்டம் ஒன்று உண்டு. அத்தை பையனுக்கு ஆறு வயது. வீட்டில் ஒரு அலமாரியையும் விடமாட்டான். எனவே அத்தை சொல்லிவிட்டார்: "ஒண்ணு உங்க உடம்புல இருக்கணும், இல்லேன்னா லாக்கர்ல இருக்கணும். மூணாவது இடம்னு ஒண்ணு கிடையாது."

கேட்கும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாமா வைத்திருப்பது க்ளாக் 19. தோட்டா நிரம்பினால் ஏறக்குறைய 850 கிராம். அதை இடுப்பில் செருகிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் நின்று, உட்கார்ந்து, குனிந்து, தண்ணீர் பாட்டில் பெட்டிகளைத் தூக்கிப் பாருங்கள். உறை சரியில்லை என்றால் இரண்டு மணி நேரத்தில் இடுப்பு எலும்பு பேச ஆரம்பித்துவிடும். அப்போது மனுஷன் என்ன செய்வான்? கழற்றி கல்லா மேஜைக்குள் வைப்பான். கார் டேஷ்போர்டில் வைப்பான். அத்தை சொன்ன அந்த மூன்றாவது இடம் அப்படித்தான் உருவாகிறது. காரில் விட்ட துப்பாக்கியைத் திருடன் எடுக்கிறான், மேஜைக்குள் விட்டதைக் குழந்தை எடுக்கிறது. உறை உறுத்தாமல் இருப்பது சொகுசு விஷயம் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. இல்லை, பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது.

மாமா வீட்டில் ஒரு இழுப்பறை நிறைய உறைகள். எண்ணினேன், ஏழு. அங்கே துப்பாக்கி வைத்திருக்கும் பலர் வீட்டில் இப்படி ஒரு இழுப்பறை இருக்குமாம். நம் வீடுகளில் பழைய சார்ஜர் டப்பா இருக்கிற மாதிரி. ஒவ்வொன்றையும் ஏன் வாங்கினார், ஏன் விட்டார் என்று மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடம் நடத்தினார்.

முதலாவது, எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று விற்கும் நைலான் துணி உறை. விலை 20 டாலர். மெத்தென்று இருக்கும். ஆனால் துப்பாக்கியை உருவியதும் வாய் மூடிக்கொள்ளும். திரும்ப உள்ளே வைக்க இன்னொரு கை வேண்டும். அதைவிட மோசம், ட்ரிகர் இருக்கும் இடத்தில் வெறும் துணிதான். வெளியிலிருந்து அழுத்தினால் உள்ளே படும். க்ளாக்கில் கட்டைவிரலால் தள்ளிப் பூட்டும் தனி லாக் கிடையாது. ட்ரிகரை எதுவும் தொடாமல் பார்த்துக்கொள்வது உறையின் வேலை.

அடுத்தது தோல் உறை. பழகப் பழக உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஹூஸ்டன் வெயில் நம் சென்னை வெயிலுக்குச் சொந்தக்காரன். அதே வியர்வை, அதே புழுக்கம். தோல் வியர்வையைக் குடித்து ஊறிப்போகும், உப்பு பட்டு இரும்பும் துருப்பிடிக்கும். ரொம்பப் பழசானால் வாய்ப்பக்கம் தொளதொளவென்று மடிந்து, துப்பாக்கியை உள்ளே தள்ளும்போது அந்த மடிப்பே ட்ரிகரை இழுத்துவிடலாம்.

தோளில் மாட்டும் உறை சினிமாவில் நன்றாக இருக்கிறது. அதை மறைக்க மேலே கோட்டு வேண்டும். ஜூன் மாதம் ஹூஸ்டனில் கோட்டு போட்டால் ஆள் ஊறுகாய்தான். கணுக்காலில் கட்டுவது கார் ஓட்டுகிறவர்களுக்குச் சரி, நாள் முழுக்க நிற்கிறவருக்குக் கால் கனக்கும். முதுகுக்குப் பின்னால் நடுவில் வைப்பது நாற்காலியில் சாய்ந்தால் குத்தும். வழுக்கி விழுந்தால் முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு இரும்புத் துண்டு இருக்கும்.

கடைசியில் மாமா வந்து சேர்ந்தது கைடெக்ஸ் உறைக்கு. கைடெக்ஸ் என்பது சூடாக்கினால் இளகி, ஆறினால் இறுகும் ஒருவகைப் பிளாஸ்டிக். குறிப்பிட்ட மாடல் துப்பாக்கியின் அச்சிலேயே வார்ப்பதால் உள்ளே போகும்போது 'டிக்' என்று சத்தம் வரும். பேன்ட்டுக்கு உள்பக்கம் செருகி, பெல்ட்டில் கிளிப் மாட்ட வேண்டும். வியர்வை ஒன்றும் செய்யாது. விலை 80 டாலர்.

"அவ்வளவுதானா, வாங்கி மாட்டினால் முடிந்ததா?" என்று கேட்டேன். மாமா சிரித்துவிட்டு பெல்ட்டைக் காட்டினார். எடையைத் தாங்குவது உறை இல்லை, பெல்ட்டாம். சாதாரண பெல்ட் வளைந்து தொங்கும், துப்பாக்கி வெளிப்பக்கம் சாயும், நாள் முழுக்க பேன்ட்டை இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு அடுக்காகத் தைத்த விறைப்பான பெல்ட் போட்ட பிறகு பாதி உறுத்தல் போய்விட்டது என்றார். பேன்ட்டும் ஒன்றிரண்டு அங்குலம் பெரிய இடுப்பளவாக எடுக்க வேண்டும். உள்ளே இன்னொரு ஆள் குடியிருக்கிறானே!

எங்கே வைப்பது என்பதற்கு அங்கே கடிகாரக் கணக்கு வைத்திருக்கிறார்கள். தொப்புள் 12 மணி, வலது இடுப்பு 3 மணி, முதுகு நடு 6 மணி. ஒல்லியானவர்கள் பலர் 1 மணி பக்கம் முன்னால் வைக்கிறார்கள். மாமாவுக்குத் தொப்பை இருக்கிறது (படித்தால் திட்டுவார்). குனிந்தால் குத்தியது. அதனால் 4 மணி. அங்கே வைத்தால் குனியும்போது கைப்பிடி சட்டையில் புடைத்துத் தெரியும். அதைக் குறைக்க உறையைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து மாட்டுகிறார். முன்னால் வைப்பவர்களுக்கு வேறு இரண்டு சாமான்கள் உண்டு. பெல்ட்டில் முட்டி, கைப்பிடியை உடம்புப் பக்கம் திருப்பும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் இறக்கை ஒன்று. குழல் முனைப் பக்கம் ஒட்டும் பஞ்சுத் திண்டு இன்னொன்று. முனையைத் திண்டு தள்ளினால் மேல்பக்கம் உடம்போடு படியும். அவ்வளவுதான், நாம் எட்டாம் வகுப்பில் படித்த நெம்புகோல்!

பயிற்சிக்கென்று நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பொம்மைத் துப்பாக்கி வைத்திருக்கிறார். அச்சு அசல் அதே உருவம், சுடவே முடியாது. அதை உறையில் வைத்து வீட்டுக்குள்ளேயே ஒருநாள் முழுக்க நான் மாட்டிக்கொண்டு திரிந்தேன். எடை குறைவுதான், ஆனாலும் அரை மணி நேரத்துக்கு ஒரு தரம் கை தானாக இடுப்புக்குப் போனது. ஷூ லேஸ் கட்டும்போது விலாவில் இடித்தது. சோபாவில் உட்கார்ந்ததும் எழுந்துவிடலாமா என்று இருந்தது. சாயங்காலம் கழற்றும்போது இடுப்பில் உறையின் விளிம்பு சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது. சுடமுடியாத பொம்மைக்கே இந்தப் பாடு.

அன்றைக்கு அத்தை ஒரு சந்தேகம் கேட்டார். கடையில் அவர் தனியாக இருக்கும் நேரமும் உண்டு. சுடிதாரில் பெல்ட் கிடையாது. "ஹேண்ட்பேக்ல வெச்சுக்கிட்டா ரொம்ப வசதிதானே?" மாமா உடனே வேண்டாம் என்றார். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊரில், வால்மார்ட் கடைக்குள் நடந்ததைச் சொன்னார். துப்பாக்கி வைக்கவென்றே தனி அறை தைத்த கைப்பை. பக்கத்தில் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பையன் அதற்குள் கையை விட்டான். குண்டு பாய்ந்து இறந்தது அவன் அம்மா. வயது 29. அணுமின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த படித்த பெண். பை தோளை உறுத்தாது, இடுப்பையும் உறுத்தாது. ஆனால் அது உடம்பில் இல்லை, லாக்கரிலும் இல்லை. அத்தை அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டு எனக்குத் துப்பாக்கி மேல் ஆசை வந்துவிட்டதா? இல்லை. 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 47,000 பேர். அதில் 27,000 பேருக்கு மேல் தற்கொலை. எவ்வளவு நல்ல உறை வாங்கினாலும் அந்தக் கணக்கு மாறாது. ஆனால் நள்ளிரவு வரை கல்லாவில் நிற்கும் மாமாவிடம் ஒன்பதாயிரம் மைலுக்கு மேல் தள்ளி இருந்து அட்வைஸ் பண்ணவும் எனக்கு மனசு வரவில்லை. துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்கள் வீடு முடிவு செய்துவிட்டது. அதற்கப்புறம் மிச்சம் இருக்கும் கேள்வி, தினமும் அது எங்கே இருக்கிறது என்பதுதான்.

அங்கே இருக்கும் நண்பர்கள் யாராவது வாங்குவதாக இருந்தால், மாமா சொன்னதை வரிசையாகக் கொடுக்கிறேன்:

1. ட்ரிகர் முழுக்க கெட்டியான பொருளால் மூடியிருக்க வேண்டும். இதில் பேரமே கிடையாது.

2. தோட்டாவை எடுத்துவிட்டு, சரிபார்த்துவிட்டு, உறையோடு தலைகீழாகக் குலுக்கினாலும் துப்பாக்கி விழக்கூடாது.

3. உருவினால் துப்பாக்கி மட்டும் வர வேண்டும். ஒரு தரம் பயிற்சியில் மாமாவுக்கு உறையும் கிளிப்போடு சேர்ந்து கையில் வந்துவிட்டதாம்.

4. உறைக்கு முன்னால் பெல்ட் வாங்குங்கள்.

5. கடை வாசலில் துப்பாக்கிக்குத் தடை போர்டு பார்த்தால் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போது உறையோடு சேர்த்தே கழற்றி, காரில் சங்கிலி போட்டுக் கட்டிய இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

6. வாங்கியதும் ஒரு வாரம் வீட்டிலேயே மாட்டிப் பாருங்கள், வெறும் உறையோடு அல்லது பொம்மையோடு. உறுத்துகிறதா, தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வணிகவியல் கணக்கு. விட்டுப்போன ஏழு உறைக்கும் மாமா செலவழித்தது மொத்தம் 350 டாலர். ஒழுங்கான உறையும் பெல்ட்டும் சேர்த்து 140. முதலிலேயே அதை வாங்கியிருந்தால் எவ்வளவு மிச்சம் என்று நான் கணக்குப் போட்டுக் காட்ட, அத்தை காப்பியை வைத்துவிட்டுச் சொன்னார்: "காசு போனா போவுதுப்பா. ஏழு உறையும் உறுத்துன அந்த ரெண்டு வருஷத்துல, அவர் அதைக் கழட்டி எங்கெங்க வெச்சாரோன்னுதான் நான் தூங்காம கிடந்தேன்."

அந்தச் செலவை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று எங்கள் சிலபஸில் இல்லை.