மீசையும் கோலமும்

வீட்டில் கட்டம் போட்ட கைலி. வெளியே போனால் முழுக்கைச் சட்டை, அதையும் முழங்கை வரை மடித்துவிட்டால்தான் எனக்குத் திருப்தி. ஹார்மோன் ஊசியில் குரல் கனத்து, மீசை அரும்பியதும், சலூன்காரர் "கட்டிங்கா, ஷேவிங்கா தம்பி?" என்றாரே... ஆஹா, சங்கீதம்!

திருநம்பி என்று சொன்னால் போதும், பரீட்சை ஆரம்பம். "கிரிக்கெட் பார்ப்பியா? பைக்கை விரட்டுவியா?" ரெண்டும் நமக்கு ஆகாது சாமி! மல்லிகை வாசனை பிடிக்கும். மார்கழியில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு புள்ளிக் கோலம் போடுவேன். மற்ற ஆம்பளைகளை யாராவது இப்படிக் குடைகிறார்களா, சொல்லுங்கள்?

அவரவர் பாலினத்தை அவரவரே சொல்லலாம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்துவிட்டது. அம்மாவின் கோர்ட்டில்தான் கேஸ் இழுத்தது. போன மார்கழியில் வாசலுக்கு வந்தவள், "புள்ளி கோணலா இருக்குடா" என்றாள். அந்த 'டி', 'டா' ஆக ஏழு வருஷம்!