தாங்கியின் அடியில்

ஹுன்னஸ்கிரியப் பனி நம் சாளரக் கண்ணாடியில் துளிகளாய்ப் படிவதை நாடோறுங் காண்கின்றோம். அரைகுறையாய் நிரம்பிய டீசல் தாங்கியினுள்ளும் அவ்வாறே நீர் படியுமென்பதை, கல்லூரியில் நம்முடன் ஒரே வாங்கிலிருந்து, இன்று வடகடலில் தொழில் செய்யும் நண்பரிடமே கற்றோம்.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் அவர் படகு மாதக்கணக்காய்க் கரையிற் கிடந்தது. அடியில் தங்கிய நீரில் நுண்ணுயிர் பெருகிக் கரிய சேறாயிற்று. மீண்டுங் கடலேறிய நாளில், அலை கலக்கிய சேறு வடிகட்டியை அடைக்க, இயந்திரம் நடுக்கடலில் நின்றது. மற்றொரு படகு கண்டிராவிடின் நண்பரை இழந்திருப்போம்.

தாங்கியைக் கழற்றத் தளத்தையே அறுக்க வேண்டுமாம். ஆகவே, நாம் அருகிருக்க, கைநுழையும் மேல்மூடியைத் திறந்து, மின்சூள் ஒளியில் நோக்கி, தாழ்ந்த மூலைக்குக் குழாயிறக்கிக் கைப்பம்பியால் உறிஞ்சினார். தெளிந்த டீசல் வருமட்டும் விடவில்லை. எஞ்சியதைத் துணியால் துடைத்தெடுத்தார். இடையே பீடி பற்றவைக்க முனைந்த பையன் பட்ட பாடு! இப்போதெல்லாம் படகைக் கரையேற்றுமுன் தாங்கியைக் கழுத்துவரை நிறைத்து வைக்கின்றார்.