கப்பலுக்குப் பாஸ்போர்ட் வேணுமா?

இந்தக் கேள்வியை நாளைக்கு கேன்டீன்ல சும்மா போட்டுப் பாருங்க. "கடல் தாண்டுறோம்ல, கண்டிப்பா வேணும்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். "அது ஃப்ளைட்டுக்குத்தான்டா, கப்பலுக்கு எதுக்கு?"ன்னு எதிர்க்கோஷ்டி கிளம்பும். டீ ஆறிப்போற வரைக்கும் சண்டை நடக்கும், பதில் மட்டும் வராது. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? எங்க வீட்ல ஒரு மாசம் இதே சண்டைதான் பாஸ்!

எங்க அக்கா சென்னையில சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை பாக்குது. இந்த வருஷம் போனஸ் கொஞ்சம் தாராளமா வந்துடுச்சு. "அப்பா, அம்மா, பாட்டி, நீ, நான்... அஞ்சு பேரும் கப்பல்ல போறோம்"னு போன்ல அறிவிச்சுட்டு, "பாஸ்போர்ட் வேணுமா, வேணாமான்னு நீ பார்த்துச் சொல்லு"ன்னு வேலையை என் தலையில கட்டிடுச்சு. கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறவனுக்கு ராத்திரி வேற என்ன வேலை? உட்கார்ந்தேன்.

முதல்ல ஒரு எச்சரிக்கை. இதைக் கூகுள்ல தேடினீங்கன்னா, முன்னாடி வந்து நிக்கிறது பெரும்பாலும் அமெரிக்காக்காரங்களுக்கான பதில். அவங்க ஊர்த் துறைமுகத்துல ஏறி, பஹாமாஸ், மெக்ஸிகோன்னு சுத்திட்டு, அதே துறைமுகத்துல வந்து இறங்கினா, அமெரிக்கக் குடிமக்களுக்குப் பாஸ்போர்ட் கட்டாயம் இல்ல. பிறப்புச் சான்றிதழும் போட்டோ போட்ட அரசாங்க அடையாள அட்டையும் போதும். 16 வயசுக்குக் கீழேன்னா பிறப்புச் சான்றிதழ் மட்டுமே போதும். (அப்படியும், நடுவுல உடம்பு சரியில்லாம ஏதாவது தீவுல இறங்கிட்டா, ஃப்ளைட் ஏறி வீடு வரப் பாஸ்போர்ட் வேணும். அதனால கையில வெச்சுக்கோங்கன்னுதான் அங்கேயும் சொல்றாங்க.) இதைப் படிச்சுட்டு, "ஆஹா, வேணாமாம்!"னு நம்மாளு குதிச்சா கதை கந்தல். அந்தச் சலுகை அவங்களுக்கு, நமக்கு இல்ல.

நம்ம கதை ரொம்ப சிம்பிள். 1967-ல வந்த பாஸ்போர்ட் சட்டம், பாஸ்போர்ட்டோ அதுக்கு ஈடான பயண ஆவணமோ இல்லாம யாரும் இந்தியாவை விட்டு வெளியே போகக் கூடாதுங்குது. விமானமா, கப்பலா, நடராஜா சர்வீஸாங்கிறது அதுக்குப் பிரச்னையே இல்ல. அதனால நீங்க பார்க்க வேண்டியது கப்பலை இல்ல. அது எந்தெந்தத் துறைமுகத்துல நிக்குதுங்கிற லிஸ்ட்டை. மும்பை - கோவா, சென்னை - விசாகப்பட்டினம், இல்ல சென்னையில கிளம்பி நடுக்கடல்ல ரெண்டு ராத்திரி மிதந்துட்டு சென்னைக்கே திரும்பி வர்றது... இதுக்கெல்லாம் ஆதார், வாக்காளர் அட்டை மாதிரி ஒரு அடையாள அட்டை போதும். சென்னையிலேர்ந்து அந்தமானுக்குப் போற அரசாங்கக் கப்பல், சுமார் மூணு நாள் பயணம், அதுக்கும் இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட் வேணாம். லட்சத்தீவு மட்டும் ஒரு தினுசு. அது நம்ம நாடுதான், ஆனா உள்ளே போக நமக்கே பெர்மிட் வாங்கணும்.

லிஸ்ட்ல வெளிநாட்டுத் துறைமுகம் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் ஆட்டம் மாறிடும். கார்டிலியா கம்பெனியோட 'எம்பிரஸ்' கப்பல் 2022 ஜூன்ல சென்னையிலேர்ந்து கிளம்பினப்போ அது உள்நாட்டுப் பயணம். 2023 ஜூன்ல அதே கப்பல், அதே சென்னைத் துறைமுகம். ஆனா போனது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. பாஸ்போர்ட் இல்லாம ஏற முடியாது. கைக்குழந்தையா இருந்தாலும் அதுக்குன்னு தனிப் பாஸ்போர்ட் வேணும். சிங்கப்பூர் போய் அங்கேர்ந்து கப்பல் ஏறுறவங்களுக்கு இன்னொரு கண்டம் இருக்கு. பினாங் போயிட்டுத் திரும்புறப்போ சிங்கப்பூருக்குள்ள ரெண்டாவது தடவை நுழையுறோம். ஒரு தடவை மட்டும் நுழையுற விசாவை வெச்சுக்கிட்டுப் போனா திண்டாட்டம்தான்.

இவ்வளவையும் அழகா எழுதி, வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். கீழே ரெண்டு ஆப்ஷன்: உள்நாட்டுக் கப்பல், பாஸ்போர்ட் வேணாம். இலங்கைக் கப்பல், பாஸ்போர்ட் வேணும். அக்காகிட்ட பாஸ்போர்ட் இருக்கு. மீதி நாலு பேருக்கு எடுக்கணும். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு ஆளுக்கு 1500 ரூபாய். பாட்டிக்கு 60 தாண்டிட்டதால பத்து சதவிகிதம் தள்ளுபடி, 1350. மொத்தம் 5850. அவசரம்னு தத்கல்ல போனா தலைக்கு இன்னும் 2000.

அப்பாகிட்டேர்ந்து ஒரே நிமிஷத்துல பதில் வந்துச்சு: "வேணாங்கிற கப்பல்லயே போகலாம்."

சாதாரணமா அப்பா வாட்ஸ்அப்ல பதில் போட ரெண்டு நாள் ஆகும். அதான் எனக்கு உறைச்சது. காசுக்காக அவர் அப்படிச் சொல்லல.

இங்கே எங்க குடும்பத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். நாங்க இருக்கிறது நீலகிரி, கோத்தகிரி பக்கம். ஊர்ல எங்களுக்கு இன்னிக்கும் 'சிலோன்காரங்க'ன்னுதான் பேரு. எங்க பாட்டி பிறந்தது ஹட்டன் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல. வெள்ளைக்காரன் காலத்துல நம்ம பக்கத்துக் கிராமங்கள்லேர்ந்து கொழுந்து கிள்ளக் கூட்டிட்டுப் போன ஜனங்களோட பேத்தி. சிலோன் சுதந்திரம் வாங்கின கையோட இந்த ஜனங்கள்ல பெரும்பாலானவங்க 'எந்த நாட்டுக்காரங்களும் இல்ல'ன்னு ஆயிட்டாங்க. 1964 அக்டோபர் 30-ம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேரை சிலோன் வெச்சுக்கும். மீதி 1,50,000 பேரை என்ன பண்றதுன்னு அப்புறம் பேசி, 1974-ல ஆளுக்குப் பாதின்னு பிரிச்சுக்கிட்டாங்க. ஹிஸ்டரி படிக்கிறவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க... இது உங்க சிலபஸ்ல வந்துச்சா?

கணக்குல பிரிக்கிறது ஈஸி. ஒரே லயத்துல அக்கா இந்தியா, தங்கச்சி சிலோன்னு ஆயிடுச்சு. அந்த அக்காதான் எங்க பாட்டி. தங்கச்சி, சின்னப் பாட்டி, இன்னும் ஹட்டன்லதான் இருக்காங்க.

1973-ல பாட்டியும் தாத்தாவும் ரெண்டு வயசு அப்பாவைத் தூக்கிக்கிட்டு, தலைமன்னார்லேர்ந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல்ல வந்தாங்க. மண்டபம் முகாம்ல கொஞ்ச நாள். அப்புறம் நீலகிரி. தாயகம் திரும்பினவங்களுக்கு வேலை குடுக்கத் தமிழக அரசு 1968-ல ஆரம்பிச்ச தேயிலைத் தோட்டங்கள்ல பாட்டிக்கு மறுபடியும் அதே கூடை, அதே கொழுந்து. நாடுதான் வேற.

இப்போ புரியுதா? எங்க அப்பா பிறந்தது இலங்கையில. பாஸ்போர்ட் விண்ணப்பத்தைத் திறந்து பாருங்க. பிறந்த இடம் இந்தியாவுக்கு வெளியேவான்னு கேக்கும். இந்தியக் குடியுரிமை எப்படி வந்துச்சுன்னும் ஒரு கேள்வி இருக்கும்: பிறப்பாலா, வம்சாவளியாலா, பதிவாலா? நீங்களும் நானும் அதை ஒரு செகண்ட்ல தட்டிட்டுப் போயிடுவோம். அப்பாவால முடியாது. ஸ்கூல்ல சேர்க்கிறப்போ, சாதிச் சான்றிதழ் வாங்குறப்போன்னு ஒவ்வொரு ஆபீஸ்லயும் "நீங்க எந்த ஊரு? அதுக்கு என்ன ப்ரூஃப்?"னு நின்னு பதில் சொன்ன மனுஷன். ஒரு ஆபீஸ்ல, "அப்போ நீங்க அகதியா?"ன்னு ஒருத்தர் கேட்டாராம். இல்ல சார், நாங்க குடியுரிமையோட வந்தவங்கன்னு அப்பா விளக்கியிருக்கார். அதுக்கு அவர், "எல்லாம் ஒண்ணுதானே"ன்னாராம். இல்ல, ஒண்ணு இல்ல. அன்னிக்கு வந்ததுலேர்ந்து அப்பா அந்தப் பேப்பரையெல்லாம் வெளியே எடுக்கிறதே இல்ல. ஓட்டுப் போடுறார், ஆதார் இருக்கு, வேலை இருக்கு. "இருக்கிற வரைக்கும் சரியா இருக்கு. அதை ஏன் கிண்டணும்?"ங்கிறார்.

அக்கா போன்ல, "விடுடா, உள்நாட்டுக் கப்பலே புக் பண்றேன்"னுச்சு. கப்பல் கேள்விக்கு அதோட பதில் கிடைச்சாச்சு. எனக்குத்தான் மனசு ஆறல. ஊருக்குப் போனப்போ பாட்டிகிட்ட கேட்டேன்.

"பாட்டி, கப்பல்ல போலாமா?"

"எதுக்கு கண்ணு? வந்த கப்பல்ல வாந்தி எடுத்தது இன்னும் மறக்கல. 'ராமானுஜம்'னு பேரு. சாமி பேரைக் கேட்டு நம்பி ஏறினேன்."

"சிலோன் போற கப்பலும் இருக்கு பாட்டி."

பாட்டி கொழுந்து வெட்டுற மாதிரி டக்குன்னு கேட்டாங்க: "ஹட்டனுக்குப் போகுமா?"

போகாது. கப்பல் நிக்கிற திருகோணமலையும் காங்கேசன்துறையும் கடலோரம். ஹட்டன் மலை மேல. காலையில இறக்கிவிட்டு சாயங்காலம் ஏத்திக்கிற கப்பலை நம்பி, அவ்வளவு தூரம் மலையேறித் தங்கச்சியைப் பார்த்துட்டு வர முடியாது. அதுக்கு சென்னையிலேர்ந்து கொழும்புக்கு ஃப்ளைட் பிடிக்கணும். இல்லேன்னா நாகப்பட்டினத்துலேர்ந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர்ல ஆரம்பிச்ச கப்பல் இருக்கு, நாலு மணி நேரம்தான். ரெண்டுக்கும் பாஸ்போர்ட் வேணும்.

அதாவது, நான் ஒரு மாசமா தப்பான பயணத்துக்குப் பாஸ்போர்ட் வேணுமான்னு தேடலீங்க. கேட்ட கேள்விக்குச் சரியாத்தான் தேடினேன். ஆனா எங்க வீட்டுக்குப் பாஸ்போர்ட் வேணுங்கிறதுக்கும் அந்த உல்லாசக் கப்பலுக்கும் சம்பந்தமே இல்ல. சின்னப் பாட்டிக்கு 70 தாண்டிடுச்சு. வாரா வாரம் வீடியோ காலில் ரெண்டு பேரும் பேசுறதே இல்ல, பார்த்துக்கிட்டே இருப்பாங்க. நடுவுல நெட் கட்டானா, ரெண்டு பேரும் தனித்தனியா போனைத் திட்டுவாங்க.

அப்பாகிட்ட இதைப் பேசினது அம்மா. என்ன பேசினாங்கன்னு எனக்குச் சொல்லல. மறுநாள் காலையில அப்பாவே பரண்லேர்ந்து பாட்டியோட தகரப் பெட்டியை இறக்கிக் குடுத்தார்.

உள்ளே என்ன இருந்துச்சு தெரியுமா? தாத்தாவோட இந்தியப் பாஸ்போர்ட். எங்க குடும்பத்துல முதல் பாஸ்போர்ட் அக்காவோடதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். 1973-லயே ஒண்ணு இருந்திருக்கு! அந்தக் காலத்துல குழந்தைகளோட பேரைப் பெற்றோர் பாஸ்போர்ட்லயே எழுதிடுவாங்க. அதுல அப்பா பேர் மையில எழுதியிருக்கு. கூடவே பாட்டியோடது, குடும்ப அட்டை, அப்புறம் நாலா மடிச்சு மடிப்புல கிழிஞ்ச குடியுரிமைப் பதிவுச் சான்றிதழ். 'எதுவும் இல்ல'ன்னு நெனச்சு ஒரு மனுஷன் அம்பது வருஷம் பயந்திருந்தா பரவாயில்ல. எல்லாத்தையும் தலைக்கு மேல பரண்ல வெச்சுக்கிட்டே பயந்திருக்கார். அது அவரோட குத்தமா? நான் அப்படி நெனைக்கல. ப்ரூஃப் காட்டிக் காட்டி அலுத்துப் போன ஆளு, இருக்கிற ப்ரூஃபையும் நம்ப மாட்டார்.

அப்புறம் விண்ணப்பப் படலம். உங்க வீட்லயும் யாராவது எடுக்கப் போறீங்கன்னா ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, இனிஷியல் ஆகாது. கே.ன்னு போட முடியாது, விரிச்சு எழுதணும். அப்பா பேரைக் கடைசிப் பெயர்ங்கிற இடத்துல போடுறது நல்லது. அதைக் காலியா விட்டு ஒத்தைப் பெயரோட இருந்தவங்களுக்கு 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு எமிரேட்ஸ் டூரிஸ்ட் விசாவுல பெரிய குழப்பம் ஆச்சு. ரெண்டாவது, ஸ்பெல்லிங். பாட்டி பேரை அங்கே அவங்க பாணியில எழுதி, இங்கே ஆதார்ல வேற மாதிரி எழுதி, ரெண்டுக்கும் நடுவுல நாலு எழுத்து வித்தியாசம். அதுக்கு நோட்டரி, அஃபிடவிட்டுன்னு ஒரு நாள் போச்சு.

கோயம்புத்தூர் சேவா கேந்திராவுல ஏ, பி, சி-ன்னு மூணு கவுன்ட்டர். ஏ-யில போட்டோ, கைரேகை. பி-யில பேப்பரைச் சரிபார்க்கிறாங்க. அங்கே இருந்த அதிகாரி தாத்தாவோட பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமா திருப்பினார். அப்பா சட்டைப் பையைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறார். "எந்த வருஷம் வந்தீங்க?" "எழுபத்து மூணு சார்." "எல்லாப் பக்கத்துக்கும் ஜெராக்ஸ் குடுங்க"ன்னார். அவ்வளவுதான்! வேற கேள்வியே கேக்கல. அப்பா வெளியே வந்து ஜெராக்ஸ் கடையில, "ரெண்டு செட்டா போடுப்பா"ன்னார்.

எனக்கும் அம்மாவுக்கும் ஸ்பீடு போஸ்ட்ல வந்துடுச்சு. அப்பாவுக்கும் பாட்டிக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் முடிஞ்சு, ஆன்லைன்ல இன்னும் பரிசீலனையிலதான் காட்டுது. நான் ராத்திரி ஒரு தடவை பார்ப்பேன். அப்பா எனக்குத் தெரியாம விடியக்காலையில ஒரு தடவை பார்க்கிறாராம், அம்மா சொன்னாங்க.

அக்கா உள்நாட்டுக் கப்பலை புக் பண்ணிடுச்சு. பாட்டி வரலையாம். அவங்க இடத்துக்கு எங்க சித்தி வர்றாங்க. ஆதாரை மட்டும் மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கோம்.