மூன்று மூட்டைக் கடலையும் ஒரு ஜன்னலும்

விதைக்கடலையில் பூசணம் பிடித்துவிட்டது, என்ன செய்யலாம் என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் பலர் கேட்கிறீர்கள். "சரியாகக் காயவைக்கவில்லை" என்பதுதான் எங்கள் வழக்கமான பதில். அந்தப் பதிலை யோசிக்காமல் சொல்லிவிட்டு, நான் ஒருமுறை வெட்கப்பட்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை மாதம். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா கைப்பையில் கொஞ்சம் கடலையோடு வந்தார். மார்கழிப் பட்டத்துக்கு வைத்திருந்த விதை. ஓட்டின் மேல் பச்சையாகப் பூசணம். பார்த்ததுமே, "ஈரத்தோட மூட்டை கட்டியிருக்கீங்கம்மா" என்றேன்.

"இல்ல சார், அஞ்சு நாள் காயவெச்சோம். குலுக்குனா கலகலன்னு சத்தம் வந்துச்சு. பன்னெண்டு மூட்டையில மூணுதான் இப்படி ஆயிடுச்சு" என்றார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. காயவைத்தது போதவில்லை என்றால் பன்னிரண்டும் அல்லவா கெட்டிருக்க வேண்டும்? மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன்.

கெட்ட மூன்றும் ஒரே மூலையில், சுவரோடு ஒட்டி, வெறும் தரையில் இருந்தவை. மூட்டையை நகர்த்தினால் சுவரின் அடியில் ஓதம். மாடிதான் ஒழுகுகிறது என்று நினைத்து, முந்தின வருடமே செலவு செய்து தட்டோடு பதித்திருக்கிறார்கள். ஆனால் கூரையின் அடிப்பக்கம் ஒரு கறைகூட இல்லை. மூலையிலிருந்து ஐந்தடி தள்ளி ஒரு மர ஜன்னல் இருந்தது. எனக்கு அதன் மேல் சந்தேகம்.

வெயில் வந்த ஒரு நாள், மோட்டார் ஹோஸை வைத்துச் சோதித்தோம். அம்மா உள்ளே டார்ச்சோடு நின்றார். அவர் மகன் வெளியே ஜன்னலுக்குக் கீழே இருந்த சுவரில் முதலில் தண்ணீர் விட்டார். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு சட்டத்தின் அடிப்பக்கம், அதன் பிறகு பக்கவாட்டு. இப்படிக் கீழிருந்து மேலேதான் போக வேண்டும். மேலே விட்டால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும். எந்த இடுக்கில் நுழைகிறது என்று தெரியாது.

இடது பக்கச் சட்டமும் சுவரும் சேரும் இடத்தில் விட்ட கொஞ்ச நேரத்தில், "சார், வருது!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மரம் காய்ந்து சுருங்கி, நகம் நுழையும் அளவுக்கு இடுக்கு. அதில் புகுந்த தண்ணீர் பூச்சுக்குள்ளேயே இறங்கி, தரையின் வாட்டத்தில் மூலைக்கு ஓடியிருக்கிறது. சாக்கு அதை உறிஞ்சிக்கொண்டது.

விதைக்கடலையில் ஈரம் 9 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நனைந்த சாக்கில் அது எப்படி நிற்கும்?

இடுக்கை அடைப்பதிலும் முறை இருக்கிறது. பழைய பூச்சின் மேலேயே சிலிகானைத் தடவினால் அடுத்த மழையில் உரிந்துவிடும். உதிரும் பூச்சு, தூசி, பழைய மக்கு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, சில நாள் நன்றாகக் காயவிட்டு, அகலமான இடுக்கைச் சிமென்ட் கலவையால் நிரப்பி, அது காய்ந்த பிறகுதான் ஓரத்தில் சிலிகான் போட வேண்டும். சிலிகான் மேல் பெயிண்ட் பிடிக்காது; அடிக்கப்போகிறீர்கள் என்றால் கடையில் கேட்டு அதற்கேற்ற டியூப் வாங்குங்கள். ஜன்னலின் அடித்திட்டு வெளிப்பக்கம் வாட்டமாக இருக்க வேண்டும். சன்ஷேடின் அடியில் முன் ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் ஒரு காடி இருந்தால், தண்ணீர் சுவருக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடும். அலுமினிய ஜன்னல் வைத்திருப்பவர்கள் கீழ்ச்சட்டத்தில் வெளிப்பக்கம் இருக்கும் சின்ன ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள். உள்ளே சேரும் தண்ணீர் வெளியேறும் வழியே அதுதான்.

"கெட்டதை ஆட்டி மாட்டுக்காவது போடலாமா சார்?" என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். இந்தப் பூசணத்தில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். வறுத்தாலும் முழுதாகப் போகாது. மாட்டுக்குப் போட்டால் பால் வழியாகப் பிள்ளைகளுக்கு வந்து சேரும். மூன்று மூட்டையையும் குழியில் கொட்டி மூடினார்கள். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. பாதுகாத்த விதையைப் புதைப்பது லேசான காரியமில்லை.

மீதி மூட்டைகளிலிருந்து 100 பருப்பு எடுத்து ஈரச் சாக்கில் சுருட்டி முளைப்பு பார்த்தோம். 84 முளைத்தது. 70 இருந்தாலே போதும். அவர் விதைக்கும் பரப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு பட்டம் தவறாமல் விதைத்தார்.

"காயவைக்கலைன்னு சொன்னது என் தப்பும்மா" என்றேன். "அதுக்கென்ன சார், வந்து பாத்தீங்களே" என்றார்.

இப்போது புரட்டாசி. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஒரு ஹோஸும் ஒரு டார்ச்சும் எடுத்துக்கொண்டு, விதை வைக்கும் அறையின் ஜன்னலை ஒரு மணி நேரம் சோதித்துப் பாருங்கள். மூட்டைகளைக் கட்டையின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். சுவரின் அடி கண்ணுக்குத் தெரிந்தால், ஓதம் வந்த அன்றே உங்களுக்குத் தெரிந்துவிடும்.